ரயர் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்தேன். எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கிற ‘ஆல் சீசன்’ ரயர், நான்கும் சேர்த்து 340 டொலர். கீழே “அப்பா, வாங்கட்டா?” என்று ஒரு வரி. தொலைபேசியில் சொன்னால் பாதியில் வேலை வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

காசு மிச்சம் பிடிக்க நினைப்பதில் பிழை இல்லை. வேலை தொடங்கி எட்டு மாதம்தான், படிப்புக் கடனும் இருக்கிறது. ஆனால் ‘ஆல் சீசன்’ என்ற பெயரை மட்டும் நம்பாதே. குளிர் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே போனதும் அந்த ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். குசினியில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் மாரியில் கல்லாகிவிடுமே, அதே கதைதான். இறுகிய ரப்பர் ரோட்டைப் பிடிக்காது. ஒட்டாவாவில் சில காலை மைனஸ் 20 வரும். இங்கே டொரொன்ரோவில், ஸ்காபரோவில் நான் கார் ஓடுகிற ஓட்டத்தை வைத்து உன் ஊருக்குக் கணக்குப் போட முடியாது.

அந்த விளம்பரத்திலுள்ள ரயரில் எம்+எஸ் என்று எழுதியிருக்கிறது. சேறு, பனி என்பதற்கான எழுத்து அது. தவாளிப்புகள் வெட்டியிருக்கும் விதத்தை வைத்துப் போடுகிற குறி, பனியில் ஓடிப் பார்த்துக் கொடுத்தது அல்ல. நீ தேட வேண்டியது வேறு குறி: மூன்று முனையுள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. பனியில் இழுத்துப் பார்த்து, ஓர் அளவுகோல் ரயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடப் பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் அதைப் போடலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டம் கேட்பதும் அந்தக் குறியைத்தான்.

மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று இரண்டு செற் வைத்திருப்பதுதான் நல்லது. நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் உன் அப்பார்ட்மென்ரில் நான்கு ரயரை எங்கே வைப்பாய்? வருடத்துக்கு இரண்டு தரம் மாற்றுக்கூலி வேறு. ஆகவே ‘ஆல் வெதர்’ என்று கேள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருப்பதால் கடைக்காரரே மாறி எடுத்துவிடலாம், பனிப்பூக் குறியைக் கண்ணால் பார். வருடம் முழுவதும் அதையே பூட்டி ஓடலாம். நொக்கியன், டோயோ, ஹான்கூக், மிஷலின் எல்லோரும் செய்கிறார்கள். மிஷலின் விலை கூட. உனக்கு நடுத்தர விலையில் ஒன்று போதும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2006 ஜனவரியில் நடந்தது உனக்கு நினைவிருக்காது. உனக்கு ஐந்து வயது. அந்த மாரி தொடங்கமுன் பாவித்த ரயர் விற்கிற ஒரு கடையில் நான்கு ரயர் வாங்கினேன். தவாளிப்பு ஆழமாக இருந்தது, பார்க்கப் புதிது போல. மார்க்கம் ரோட்டில் சிவப்பு விளக்குக்குப் பிறேக்கை மிதித்தேன். சில்லு நின்றது, கார் நிற்கவில்லை. சந்தியின் நடுவுக்கே வழுக்கிக்கொண்டு போய்விட்டோம். பக்கத்துத் தெருவால் வந்த பஸ் ஓட்டுநர் கண்டு நிறுத்தியதால் தப்பினோம். நீ பின் சீற்றில் பாடிக்கொண்டிருந்தாய், பாட்டை நிறுத்தவே இல்லை. எனக்குத்தான் கை நடுக்கம் வீட்டுக்கு வந்தும் போகவில்லை.

அடுத்த நாள் ஒரு மெக்கானிக் ரயரின் பக்கத்தைத் துடைத்துக் காட்டினார். செய்த காலத்தைச் சொல்கிற, டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் மூன்று எண்தான் இருந்தது. 2000ஆம் ஆண்டு தொடக்கம் செய்தவற்றில் நான்கு எண் இருக்கும். அப்படியென்றால் என் ‘புது’ ரயருக்குக் குறைந்தது ஆறு வயது. மூன்று எண்ணில் எந்தப் பத்தாண்டு என்பது தெரியாது, பதினாறு என்றாலும் எனக்குத் தெரிந்திருக்காது. தேயாமலே ரப்பர் காய்ந்துவிடும் என்று அன்றுதான் அறிந்தேன்.

நீ நான்கு எண்ணைப் பார். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆம் கிழமை செய்தது. மலிவு விற்பனையில் வருவது சில வேளை களஞ்சியத்தில் கிடந்த பழசாக இருக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் என்றால் வேறு தரச் சொல். வெட்கப்படாதே, காசு கொடுக்கிறவள் நீ.

சரி, எங்கே மிச்சம் பிடிக்கலாம்? உன் டொயோட்டா யாரிஸ் காருக்கு 175/65ஆர்15 என்ற ரயர் அளவு. சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளிலும் இருக்கும், ஒருக்கால் சரிபார். சின்ன அளவு என்பதால் விலையும் குறைவு. அளவுக்குப் பின்னால் வரும் 84 என்பது ஒரு ரயர் 500 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அதற்குப் பின்னால் உள்ள எழுத்து வேகத்துக்கு. இரண்டும் தாளில் உள்ளதைவிடக் குறையக்கூடாது, கூடவும் தேவையில்லை. 130,000 கிலோமீற்றர் உத்தரவாதம் என்று காட்டி விலை கூட்டுவார்கள். நீ வருடத்தில் 9,000தான் ஓடுகிறாய். அதை ஓடி முடிக்கப் பதினான்கு வருடம் வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் எந்த ரயரும் காரில் இருக்கக்கூடாது. அந்தக் காசைக் கொடுக்காதே.

இரண்டை இப்போது, இரண்டை அடுத்த வருடம் என்றும் யோசிக்காதே. முன்னும் பின்னும் பிடிப்பு வேறுபட்டால் வளைவில் காரின் வால் சுற்றிவிடும். வழியே இல்லாமல் இரண்டு போட்டாலும் புதியது பின்னுக்குத்தான் போக வேண்டும். மிச்சம் இரண்டுக்கும் நான் காசு போடுகிறேன், மறுக்காதே.

விலை கேட்கும்போது பூட்டுக்கூலி, சில்லைச் சமநிலைப்படுத்தும் பலன்சிங், பழைய ரயரை அகற்றும் கூலி, 13 சதவீத வரி எல்லாம் சேர்த்துக் கேள். அந்த 340இல் இவை எதுவும் இல்லை. மாரி ரயருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் விலைக்கழிவு உண்டு, ஆல் வெதரையும் சேர்ப்பார்களா என்று உன் கம்பனியிடம் கேட்டுப் பார். பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை இறுக்கிப் பார்க்கக் கொண்டுபோ. வெப்பநிலை 10 பாகை இறங்கினால் ரயரின் காற்றழுத்தமும் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ இறங்கும், மாதம் ஒரு தரம் காலையில் அளந்து பார். எவ்வளவு என்பது அதே கதவுத் தாளில் இருக்கும்.

பனிப்பூக் குறி கண்ணாடி ஐஸுக்குச் சான்று இல்லை, பிள்ளை. நத்தாருக்கு வரும்போது உறைமழை என்று வானிலையில் சொன்னால் 401 நெடுஞ்சாலையில் ஏறாதே. ரயிலில் வா, நான் யூனியன் ஸ்டேசனுக்கு வந்து ஏற்றுகிறேன்.

கடையில் பூட்டமுன் ரயரின் எண்ணைப் படம் பிடித்து அனுப்பு. வேலையில் இருந்தாலும் உடனே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா