பக்க எண் பார்க்கும் வேலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீ அழவில்லை. அழுதிருந்தால் என்ன சொல்வதென்று ஒருவேளை எனக்குத் தெரிந்திருக்கும். மனச்சோர்வு வந்ததிலிருந்து கதை எழுத வரவில்லை என்பதை, "எழுத்து போயிடுச்சுப்பா" என்று, குடையை எங்கேயோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி சொன்னாய். நான் அதற்கு, "தினம் ஒரு மணி நேரம் பிடிவாதமா உட்காரு, தானா வரும்" என்றேன். "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அந்த "சரிப்பா" நாலு நாளாகக் காதிலேயே நிற்கிறது. உன் அம்மா வேறு, "காய்ச்சல்ல கிடக்கிறவளை எழுந்து ஓடச் சொன்ன மாதிரி இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் சொன்னது தப்பு. யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை.

நீ ஒன்றாம் வகுப்பில் இருந்த வருஷம், அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் படிப்பது நின்றுபோனது. கண்ணில் கோளாறு இல்லை. ஒரு வரியின் கடைசிக்குப் போவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும். திரும்ப முதலிலிருந்து வருவேன், மறுபடி மறந்துவிடும். மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். நீ படம் வரைந்து கொண்டுவந்து காட்டுவாய், "நல்லா இருக்கு" என்பேன், என்ன படம் என்று பார்த்திருக்க மாட்டேன். வீட்டில் அசதி என்றார்கள். வெளியில் சோம்பல் என்றார்கள். எனக்கு மட்டும் நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்ற ஒரே விளக்கம்தான் தெரிந்தது. அந்தச் சமயத்தில் ஒரு புத்தகத்தின் முகப்புப் பக்கத்திலேயே, அதுவும் ஆசிரியர் பெயரிலேயே, 'ண' வர வேண்டிய இடத்தில் 'ன' போய் அச்சாகிவிட்டது. பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். மெய்ப்புப் பார்க்கிறவனுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

அச்சகத்தில் எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். மறுநாள் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இதுல பக்க எண் மட்டும் பாரு. எழுத்தைப் படிக்காதே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பக்க எண் பார்ப்பது புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் கொடுக்கும் வேலை. ஆனால் கோபத்தைக் காட்டுவதற்குக்கூடத் தெம்பில்லாததால் பார்த்தேன். 1, 2, 3 என்று 240 வரைக்கும். நடுவில் ஒரு எண் விட்டுப்போயிருந்தது. அதைக் குறித்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் பொய். ஆனால் அன்றைக்கு ஒரு வேலையைச் சரியாகச் செய்திருந்தேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் பக்கத் தலைப்புகள். அப்புறம் படங்களுக்குக் கீழே வரும் ஒற்றை வரிகள். முழுப் பக்கம் படிக்க எத்தனையோ வாரமாயிற்று. அதற்குள் டாக்டரிடமும் போய்விட்டேன், மாத்திரையும் ஆரம்பித்தாயிற்று. பக்க எண் என்னைத் தேற்றியதா, மாத்திரையா, உன் அம்மாவா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பக்க எண்தான் காப்பாற்றியது என்று கதை கட்டவும் எனக்கு விருப்பமில்லை.

பல வருஷம் கழித்து ஒரு மருத்துவக் கட்டுரைக்கு மெய்ப்புப் பார்க்கும்போதுதான், அந்தப் பெரியவர் செய்ததற்கு ஒரு சிகிச்சை முறையே இருக்கிறது என்று தெரிந்தது. 1970களில் பீட்டர் லூவின்சன் என்ற உளவியலாளர் சொன்ன விஷயம் அது. மனச்சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாக எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்குகிறார். ஒதுங்க ஒதுங்க, மனசுக்குத் தெம்பு தரக்கூடிய சின்னச் சின்ன அனுபவங்களும் நின்றுபோகின்றன, சோர்வு இன்னும் கூடுகிறது. ஆகவே ஆசை வரட்டும் என்று காத்திருக்காமல், இருக்கிற தெம்புக்குத் தகுந்த மிகச் சிறிய செயலிலிருந்து தொடங்க வேண்டும், ஆசை பின்னால் வந்தால் வரும். 1996இல் நீல் ஜேக்கப்சனும் அவருடைய சகாக்களும் சோதித்துப் பார்த்ததில், எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சையிலிருந்து இந்தச் செயல் பகுதியை மட்டும் எடுத்துக் கொடுத்தபோதும், அது முழுச் சிகிச்சைக்கு ஈடாகப் பலன் தந்தது. நான் உன்னிடம் சொன்ன "ஒரு மணி நேரம்" இதே மருந்துதான், அளவுதான் தப்பு. உன்னிடம் இல்லாததைக் கேட்டிருக்கிறேன்.

உனக்குப் பக்க எண் வேலை எது என்று யோசித்துப் பார்த்தேன். கதை எழுதுவது நிச்சயமாக இல்லை. பழைய கதையில் வரும் ஒரு பக்கத்தை அப்படியே கையால் பார்த்து எழுதுவது. பெயர் வைக்காமல் விட்ட பாத்திரத்துக்குப் பெயர் தேடுவது. கோப்புகளுக்குத் தேதி போட்டு அடுக்குவது. ஜன்னலில் பார்த்த ஒன்றை உவமையே இல்லாமல் ஒரு வரியில் குறிப்பது: "எதிர் மாடியில் ஈரத் துணி, ஆள் இல்லை." இதில் எதற்கும் திறமை வேண்டாம். முடிந்ததா இல்லையா என்ற ஒரே கேள்விதான். சோர்ந்திருப்பவருக்கு "நன்றாக வந்ததா?" என்ற கேள்வியே ஆகாது, பதில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

இதில் என் தொழில் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உன்னைப் போன்றவர்கள் அச்சான பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். நான் கைப்பிரதிகளைப் பார்த்தவன். நல்ல எழுத்தாளர்களின் முதல் பக்கங்களில் அடித்தலும் திருத்தலும் ஓரத்தில் அம்புக்குறியும் போக மிஞ்சுவது ஏழெட்டு வரிதான். அசிங்கமாக எழுதுவதற்கு அவர்களுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. எழுதுகிறவரும் மெய்ப்புப் பார்க்கிறவரும் ஒரே நாற்காலியில் உட்காரக் கூடாது. உனக்கு இப்போது மெய்ப்புப் பார்ப்பவன் முதலிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறான், அவனும் நோயாளி. சோர்வில் இருக்கும் மனம் குறையைத்தான் முதலில் பொறுக்கியெடுக்கும், அது இந்த நோயின் குணம். ஆகையால் ஒரு வேண்டுகோள்: இந்த மாதங்களில் எதையும் அழிக்காதே. பிடிக்கவில்லையா, ஒரு பெட்டியில் போட்டு மூடு.

இரவில் டைரி எழுதுவதாகச் சொன்னாய். எழுதுவது நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். ஆனால் நீ படித்துக் காட்டிய அந்த அரைப் பக்கத்தில் "ஏன் எனக்கு மட்டும்" ஐந்து இடத்தில் வந்தது. (எண்ணினேன். தொழில் புத்தி.) ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப அசைபோடுவது சோர்வை நீட்டிக்கிறது என்று உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா பல வருஷம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். மனசில் இருப்பதைக் கொட்டி எழுதுவதன் பலனைச் சோதித்த ஜேம்ஸ் பென்னிபேக்கரின் 1986ஆம் ஆண்டு ஆய்விலும் மாணவர்கள் எழுதியது தினம் 15 நிமிடம், 4 நாள், அவ்வளவுதான். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் இருந்தது, பலன் பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியது. நிறுத்த ஒரு நேரம் வைத்துக்கொள். எழுதிய பிறகு ராத்திரி இன்னும் மோசமானால் அந்த வேலையை விட்டுவிடு, யாரும் கேட்கப் போவதில்லை. 'நான்' என்று ஆரம்பிக்காமல் 'அவள்' என்று ஆரம்பித்துப் பார்க்கலாம். 'அவள்' என்று வந்தவுடன் அவள் என்ன செருப்புப் போட்டிருந்தாள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது மாத்திரை. "அதுதான் என் எழுத்தைத் தின்னுதோ" என்று பாதி விளையாட்டாகக் கேட்டாய். இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலருக்கு அந்த மாத்திரைகளில் துக்கத்தோடு சேர்ந்து மற்ற உணர்ச்சிகளும் மங்குவது உண்டு. அது கற்பனை இல்லை, டாக்டர்களுக்கும் தெரிந்த விஷயம். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். நீ டாக்டரிடம், "அழுகை நின்றுவிட்டது, ஆனால் எழுத வரவில்லை" என்று இதே வார்த்தைகளில் சொல். எழுத்து எனக்கு முக்கியம் என்றும் சொல். நீயாக மட்டும் நிறுத்திவிடாதே. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் படபடப்பும் வரலாம், நோயும் திரும்பலாம். முழுப் பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகலாம். நீ ஆரம்பித்து 5 வாரம்தான் ஆகிறது. இன்னொன்று, மனம் கொஞ்சம் தேறிய பிறகும் கவனம் திரும்புவதற்குத் தனியாக நாள் பிடிக்கும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. சிரிக்க ஆரம்பித்த பிறகும் நீளமான வாக்கியம் பிடிபட வெகுநாள் ஆனது. எழுத்து போய்விட்டது என்று நீ சொல்வது இந்த இடைவெளியாகவும் இருக்கலாம்.

துக்கம் இருந்தால்தான் எழுத்து வரும் என்று உன் நண்பர் யாரோ சொன்னாராம். அவரை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் 1985இல் கடும் மனச்சோர்வில் விழுந்து ஏறக்குறைய 7 வாரம் மருத்துவமனையில் இருந்தார். அந்த அனுபவத்தை அவர் எழுதியது தேறி வந்த பிறகு, 1989இல். உள்ளே கிடந்தபோது அல்ல. துக்கத்தைப் பற்றி எழுதவும் துக்கத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கத் தெரிய வேண்டியிருக்கிறது.

அப்படியே ஒரு வருஷம் எழுதாமல் போனால்தான் என்ன? எழுத்தாளர் காஃப்காவின் டைரியில் 1912 ஜூன் 1 அன்று இருப்பது, ஒன்றும் எழுதவில்லை என்ற பொருளில் ஜெர்மனில் இரண்டே சொல். அதே வருஷம் செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர் காலை ஆறு மணிக்கு ஒரு முழுக் கதையோடு எழுந்தார். உனக்கும் ஒரு செப்டம்பர் வரும் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, அது யாருக்குத் தெரியும். ஜூன் மாதத்தில் அவருக்கும் தெரியாது. எனக்குப் பிடித்தது அந்த இரண்டு சொல்தான். அதில் மன்னிப்பும் இல்லை, சாக்கும் இல்லை. நீ எழுதாத நாளில் எனக்கு அதை மட்டும் அனுப்பினால் போதும். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் என் மகள். இதை வாயால் சொல்ல எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

ஒரு கேள்வியை நேராகக் கேட்கிறேன். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா? கேட்டால் எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்று பயந்து நான் இத்தனை நாள் கேட்கவில்லை. அப்படி முளைக்காது என்று இப்போது தெரிந்துகொண்டேன். வந்தால், எந்நேரமானாலும் கூப்பிடு, டாக்டரிடமும் அன்றைக்கே சொல், தாங்க முடியாவிட்டால் நேராக மருத்துவமனைக்குப் போ. நான் பேச்சில் சொதப்புகிறவன்தான். ஆனால் போனை எடுப்பேன், கிளம்பியும் வருவேன்.

கடைசியாக ஒன்று. நாவலை முழுக்க அழித்துவிட்டதாகச் சொன்னாய். போன வருஷம் நீ பிழை பார்க்கச் சொல்லி அனுப்பினாயே, அந்த 62 பக்கங்களை நான் அப்போதே தாளில் எடுத்து வைத்திருக்கிறேன். திரையில் எனக்கு மெய்ப்புப் பார்க்க வராது. அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. நீ கேட்காமல் அனுப்பமாட்டேன்.

நேற்று எடுத்துப் பார்த்தேன். எழுத்தைப் படிக்கவில்லை, பக்க எண் மட்டும். 31 இரண்டு தடவை வருகிறது. ஒன்றில் அந்தப் பெண் ரயிலை விட்டு இறங்கிவிடுகிறாள், இன்னொன்றில் கதவருகிலேயே நிற்கிறாள். (சரி, அந்த இரண்டு பக்கத்தை மட்டும் படித்தேன்.) எதற்கு 31 என்ற எண்ணை விடுவது, எதை எடுத்துத் தனியாக வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முடிந்தபோது ஒரு வரி எழுது. அவசரமில்லை.

அப்பா