புதையல் படம் எடுக்கிறவர்களுக்கு டெல்டாவிலிருந்து ஒரு மடல்

புதையல் வேட்டைப் படம் எடுக்கிற இயக்குநர்களுக்கும், கதை விவாதத்தில் உட்காருகிற உதவி இயக்குநர்களுக்கும், பாதாள அறை செட் போடுகிற கலை இயக்குநர்களுக்கும் வணக்கம். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். எங்கள் பக்கம் குகை கிடையாது. மலையே இல்லாத வண்டல் பூமி, கடைமடையில் ரெண்டு ஆள் ஆழம் தோண்டினாலே தண்ணீர் ஊறி நிற்கும், அதில் போய் கோயிலிலிருந்து அரண்மனைக்குச் சுரங்கம், உள்ளே நூற்றாண்டுக் கணக்கில் எரிகிற தீவட்டி (யார் எண்ணெய் ஊற்றுகிறார்களோ), காவலுக்கு நாகம் வேறு. சரி, அதையும் நாங்கள் முதல் நாளே பார்த்து விசிலடிக்கிறோம்.

என் குறை வேறு. பெட்டி திறந்து ஹீரோ முகத்தில் மஞ்சள் வெளிச்சம் அடித்ததும் படத்தை முடித்துவிடுகிறீர்கள். இங்கே கதை ஆரம்பிப்பதே அதற்கப்புறம்தான்.

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் குடமுழுக்குக்காக யாகசாலை போட மண்ணைத் தோண்டினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பதிகம் பொறித்த செப்பேடுகள் 400க்கும் அதிகமாகவும் வந்தன. யாரோ ஒருவர் எந்தப் பயத்திலோ சாமியையும் பாட்டையும் ஒரே குழியில் பத்திரப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார், திரும்பி வந்து எடுக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்த ராத்திரியை யாராவது படமாக்கினீர்களா?

எடுத்த பிறகு நடப்பதைக் கேளுங்கள். பொக்லைன் நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஊரே கூடி, மண்ணைக் கழுவி மஞ்சள் பூசி மாலை போட்டுச் சூடம் காட்டிவிடும். அதற்குள் வி.ஏ.ஓ. வந்துவிடுவார், பின்னாலேயே தாசில்தார் ஜீப். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைப்பது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். "எங்க சாமிய எங்கய்யா கொண்டு போறீங்க?" என்று ஒரு பாட்டி ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால், அந்த இடத்தில் தாசில்தாரும் பாவம்தான், பாட்டியும் பாவம்தான். இதில் வில்லன் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

வில்லன் கட்டாயம் வேண்டுமென்றால் பத்தூர் நடராஜர் சிலையின் கதை இருக்கிறது. 1976ல் கூலியாள் ஒருவரின் மண்வெட்டியில் தட்டுப்பட்டவர் அந்த நடராஜர். கை மாறிக் கை மாறி லண்டன் வரை போய், கடைசியில் ஒரு கனடா கம்பெனி வாங்க, போலீஸ் கைப்பற்ற, லண்டன் கோர்ட்டில் வழக்கு நடந்தது. தொல்லியல் அறிஞர் நாகசாமி போய்ச் சாட்சி சொன்னார். இங்கே இடிந்து கிடந்த கோயிலே அந்த வழக்கில் ஒரு தரப்பாக நின்று ஜெயித்தது! 1991ல் சாமி தமிழ்நாடு திரும்பினார். துரத்தல், கள்ளச்சந்தை, வெளிநாட்டு லொக்கேஷன், கோர்ட் சீன் எல்லாம் இதிலேயே இருக்கும்போது பாம்புக்கு எதற்கு கிராபிக்ஸ் செலவு?

இப்படி மீட்டதும் காவல் இல்லாத கோயில்களிலிருந்து எடுத்ததுமாக எத்தனையோ திருமேனிகள் திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்தில் பூட்டுக்குள் இருக்கின்றன. திருட்டுப் போகாது, உண்மைதான். ஆனால் திருவிழாவுக்கு மட்டும் போலீஸ் துணையோடு தன் ஊருக்கு வந்து போகிற சாமியை வைத்து ஒரு திரைக்கதை எழுத உங்களில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லையே!

அப்புறம், படப்பிடிப்புக்கு வருவதானால் சம்பா அறுவடை முடிந்து மாசிக்கு மேல் வாருங்கள். தோண்டுகிற பள்ளத்தை மூடிவிட்டுப் போங்கள். முன்பு வந்த ஒரு யூனிட் அப்படியே விட்டுப் போய், பக்கத்து வீட்டு மாமாவின் கறவை மாடு அதில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டது.