குழந்தையின் தமிழ்ச் சொற்களையும் எண்ணுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு வயதுக் குழந்தை பேசத் தாமதமானால், "வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று அறிவுரை சொல்லும் வழக்கம் சிங்கப்பூரில் இன்னும் ஓயவில்லை. அண்மையில் என் பேத்தியின் பாலர் பள்ளியிலும் இதையே சொன்னார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் ஆய்வுகள் சொல்வது வேறு.

அவர்கள் எண்ணிப் பார்த்தது அவளுடைய ஆங்கிலச் சொற்களை மட்டும். பால், நிலா, வேணாம், இன்னும் கொஞ்சம், இவையெல்லாம் கணக்கில் வரவே இல்லை. அமெரிக்காவின் மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளரும் குழந்தைகளை பார்பரா பியர்சன் குழுவினர் ஆராய்ந்தார்கள். இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே மொழி கேட்கும் குழந்தைகளைவிட இவர்கள் பின்தங்கியிருக்கவில்லை என்று 1993இல் எழுதினார்கள். எந்த மொழியை அதிக நேரம் கேட்கிறார்களோ, அதில் சொற்கள் அதிகம் என்பதை 1997இல் காட்டினார்கள். கேட்கும் நேரம் இரண்டு மொழிக்கும் பங்கு பிரிந்தால் சொற்களும் அப்படித்தானே பிரியும்? இதைக் குறை என்று எப்படிச் சொல்வது?

யார் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். 9 மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் மொழியைக் கேட்கவைத்து பட்ரீசியா கூல் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், நேரில் ஒருவர் பேசி விளையாடிய குழந்தைகள் அதன் ஒலிகளை வேறுபடுத்தக் கற்றார்கள். அதையே திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். ஆனால் அதில் பேத்தியிடம் "சாப்பிடு, தூங்கு, அங்கே போகாதே" என்பதற்கு மேல் பேச்சு நீளாது. தமிழில் என்றால் காக்கா கதையிலிருந்து நான் பிறந்த ஊர் வரை போவேன். வீட்டில் தமிழை நிறுத்தினால் குழந்தைக்கு அந்தப் பேச்சே இல்லாமல் போகும்.

ஆங்கிலம் எப்படியும் வந்துவிடும். சிங்கப்பூரில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றவர்கள் 2010இல் 32.3 சதவீதம், 2020இல் 48.3 சதவீதம். தமிழ் என்றவர்கள் 3.3 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைந்துவிட்டார்கள். பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில், வீட்டில் வேறு மொழியும் புழங்கும் சுமார் 1,900 குடும்பங்களை அன்னிக் டி ஹவ்வர் ஆராய்ந்தபோது, பிள்ளைகள் எல்லோரும் டச்சு பேசினார்கள். ஆனால் நான்கில் ஒரு பங்கினர் அந்த வீட்டு மொழியைப் பேசவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இரண்டு மொழியையும் சேர்த்துப் பார்த்தும் சொற்கள் மிகக் குறைவாக இருந்தாலோ, கூப்பிட்டால் குழந்தை திரும்பாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. காது கேட்கும் திறனையும் பேச்சையும் உடனே சோதிக்க வேண்டும். அப்போதும் தமிழை நிறுத்தத் தேவையில்லை.

பாலர் பள்ளிகளும் மருந்தகங்களும் குழந்தையின் சொற்களைக் கேட்கும்போது தமிழில் என்ன சொல்கிறது என்பதையும் பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ் தெரிந்த பேச்சு சிகிச்சையாளர் ஒருவரைக் கொண்டு இதுபற்றி உங்கள் இதழில் தொடர்ந்து எழுதச் செய்தால், முதல் குழந்தையை வளர்க்கும் பல பெற்றோருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகி,
ஈசூன், சிங்கப்பூர்