கெலுவாக் கொட்டையும் குகைவாசிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சென்றுவரத்தக்க மலேசியக் குகைகளைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் பேரனுக்குப் படித்துக் காட்டினேன். நல்ல கட்டுரைதான். ஆயினும், நியாவிலும் பேராக் மாநிலத்தின் லெங்கோங்கிலும் வாழ்ந்தவர்களைக் கிடைத்ததைப் பச்சையாகத் தின்ற குகைமனிதர்கள் என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பது, அங்குத் தோண்டி எடுக்கப்பட்ட சான்றுகளோடு பொருந்தவில்லை.

சரவாக்கின் நியா குகையில் 1958இல் ஹாரிசன் தம்பதியரின் அகழாய்வில் கிடைத்த மண்டையோடு ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழமையானது. அதைவிட என்னை வியக்க வைத்தவை, பின்னர் அதே குகைவாயிலில் சாம்பல் கலந்த குழிகளில் அகப்பட்ட கெலுவாக் கொட்டைத் துண்டுகள். சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கான் வீடுகளில் கோழியோடு சமைக்கும் அதே கறுப்புக் கொட்டைதான். எங்கள் புளோக்கில் இருந்த நோன்யா (பெரனாக்கான் பெண்) மூதாட்டி ஒருவர் அதை நாள்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றித் தேய்த்துக் கழுவி, முனையை மட்டும் பக்குவமாகத் தட்டித் திறப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பச்சைக் கொட்டையில் சயனைடு நஞ்சு உண்டு. வேகவைத்துச் சாம்பலிலும் மண்ணிலும் வாரக்கணக்கில் புதைத்து வைத்த பிறகே அது சந்தைக்கு வருகிறது. நியாவின் குழிகளும் இத்தகைய பக்குவத்துக்கே வெட்டப்பட்டவை என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பச்சையாகத் தின்றிருந்தால் உயிர் பிழைத்திருக்க மாட்டார்கள்.

லெங்கோங்கின் குனோங் ருந்தோ குகையில் 1990களின் தொடக்கத்தில் சுரைனா மஜீத் தலைமையிலான குழு கண்டெடுத்த, பேராக் மனிதர் எனப்படும் எலும்புக்கூட்டுக்கு உரியவரும் அந்த வரிக்குப் பொருந்தாதவரே. பிறவியிலேயே இடக்கை ஊனமுற்ற அவர் நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்திருக்கிறார். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அவரைக் கால்களை மடக்கிக் கிடத்தி, கல் கருவிகளும் நத்தைகளும் உடன்வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குகை இடுகாடாகவும் இருந்திருக்கிறது.

குகைமனிதர் என்ற சொல்லே எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. மழைக்காட்டின் அமில மண்ணில் எலும்பு மட்கிவிடும். சுண்ணாம்புக் குகையில் தங்கும். அதனால்தான் சான்றுகள் அங்கே மிகுதியாகக் கிடைக்கின்றன. அதே லெங்கோங்கில் கோத்தா தம்பானில் கிடைத்த கல் கருவிப் பட்டறை திறந்த வெளியில் இருந்ததே.

அந்த வரியை அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்