படம் எடுத்தது யார்? பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பத்திரிகைகளிலும் இணைய இதழ்களிலும் படம் தேர்ந்து போடுகிறவர்களுக்கு, வணக்கம்.

யூத இனப்படுகொலை நினைவு நாளான ஜனவரி 27 வந்தால் அதைப் பற்றி ஒரு கட்டுரை போடுகிறீர்கள், நல்லது. கூடவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்: குழி, பிணங்கள், கீழே 'நாஜிக் கொடூரம்' என்று இரண்டு சொல். அந்த நேரத்தில் கேமராவோடு குழிக்கரையில் நின்றது யார் என்று கேட்டுப் பார்த்தீர்களா? பல படங்கள் கொன்றவர்களே எடுத்தவை.

ஃபே ஷுல்மன் என்ற யூதப் புகைப்படக்காரரின் கதை தெரிந்தபிறகு என்னால் அந்தப் படங்களைப் பழையபடி பார்க்க முடியவில்லை. அவருடைய ஊர் பெயர் லெனின் (அந்த லெனினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை), அப்போது போலந்து, இப்போது பெலாரஸ். அண்ணனிடம் கேமரா வேலை கற்றவர். 1942 ஆகஸ்ட் 14 அன்று அந்த ஊர் கெட்டோவில் (யூதர்களை அடைத்து வைத்த பகுதி) இருந்த 1,850 யூதர்களை ஜெர்மானியர்கள் கொன்றார்கள். அதில் இவருடைய அப்பா, அம்மா, சகோதரிகள், தம்பி எல்லோரும் உண்டு. வேலைக்கு ஆகும் என்று விட்டுவைத்த 26 பேரில் இவர் ஒருவர். அதிகாரிகளைப் படம் பிடிக்க வேண்டும், அவர்கள் எடுத்த ஃபிலிமைக் கழுவித் தர வேண்டும். இருட்டறையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், காகிதத்தைத் தட்டில் ஆட்ட ஆட்ட உருவம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெளியும். அப்படித் தெளிந்த ஒரு படத்தில் குழிக்குள் கிடந்தது இவர் குடும்பம். யாருக்கும் தெரியாமல் தனக்கென்று ஒரு பிரதி போட்டு ஒளித்து வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஜெர்மானியரை எதிர்த்த கெரில்லாக்கள் ஊரைத் தாக்கியபோது அவர்களோடு காட்டுக்குள் ஓடிவிட்டார். மொலோதோவா படைப்பிரிவு, பெரும்பாலும் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து தப்பிய செஞ்சேனை (சோவியத் படை) வீரர்கள். சகோதரியின் கணவர் டாக்டர் என்ற ஒரே தகுதியில் இவரை நர்ஸாகச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே இருந்த டாக்டரே கால்நடை மருத்துவர்தான், மரக்கிளைகளை அடுக்கிய மேஜையில் அறுவை சிகிச்சை. பிறகு லெனினை மறுபடி தாக்கியபோது தன் கேமராவை மீட்டார், உன் வீட்டை என்ன செய்ய என்று கேட்டதற்கு எரித்துவிடுங்கள் என்றார். 1944 வரை காட்டில் நூற்றுக்கும் மேல் படங்கள். போர்வைக்குள் புகுந்து கழுவுவது, வெயிலில் காட்டிப் பிரதி எடுப்பது, சண்டைக்குப் போகும்போது கேமராவை மண்ணில் புதைத்துவிட்டுப் போவது.

அதில் ஒன்று சவ அடக்கப் படம். யூத இளைஞர்கள் இரண்டு பேர், ரஷ்யர்கள் இரண்டு பேர், ஒரே குழியில். யூதர் என்றாலே முகம் சுளிக்கிற ஆட்கள் நிறைந்த படை அது, அதனால்தான் அதை எடுத்திருக்கிறார் என்று எனக்குப் படுகிறது.

ஃபே 2021-ல் டொராண்டோவில் இறந்தார். நான் கேட்பது ஒன்றுதான். குழிப் படம் போட்டால் எடுத்தவர் யார் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றாவது எழுதுங்கள். பக்கத்தில் இடம் இருந்தால் ஃபே காட்டுக்குள் எடுத்த அந்தச் சவ அடக்கப் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகர் ஒருவர்