ஒரே ஒரு ராட் போதும்னு கேட்டியே

தம்பி,

நீ செவ்வாய்க்கிழமை அனுப்புன மெசேஜ் பாத்தேன். "அம்மா, எல்லாத்துக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரே ஒரு பாஸ் மீன் தூண்டில் ராட் சொல்லு, விலை கம்மியா இருந்தா நல்லது"ன்னு. போட்டோவும் பாத்தேன். மெட்ரோபார்க் ஏரிக் கரையில நிக்கிற, வெயில் நல்லா ஏறியிருக்கு, பின்னாடி பார்க்கிங் லாட்ல ஒரு காரு கூட இல்ல. போன்ல ரெண்டு வரி அடிச்சா இதுக்கு பதில் சொன்ன மாதிரி இருக்காது, அதான் லெட்டரா எழுதறேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உன்ன தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துட்டு போனது இதுக்குத்தான்னு நெனச்சுக்கோ, முழுசா படி, பாதியில விட்டுட்டு தம்ஸ் அப் போடாத.

பதில முதல்லயே சொல்லிடறேன். 7 அடி, மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன், ஸ்பின்னிங் ராட். அதுக்கு 2500 சைஸ் ரீல். நீ கேட்ட "எல்லாத்துக்கும் ஒன்னு"ங்கறதுக்கு பக்கத்துல வர்றது இதுதான்.

கராஜ்ல நீ விட்டுட்டு போன ராடெல்லாம் இருக்கே, அத டியூப்ல போட்டு அனுப்பிடலாமேன்னு அப்பா சொன்னாரு. நான் வேணாம்னுட்டேன். அதெல்லாம் மீடியம் ஹெவி, ஹெவி. இங்க டெக்சாஸ்ல லேக் ஃபோர்க் ஏரிக்குன்னு நீ ஆசை ஆசையா வாங்குனது. ஃபோர்க்ல 1980-ல அணை கட்டி தண்ணி நிரப்புனப்ப பெரும்பாலான மரத்த வெட்டாம அப்படியே விட்டுட்டாங்க, இன்னிக்கும் தண்ணிக்குள்ள காடு மாதிரி நிக்குது, போதாததுக்கு ஹைட்ரில்லா செடி வேற. அங்க மீன் கடிச்ச உடனே தலைய திருப்பி இழுத்து வெளிய கொண்டு வரணும், ஒரு செகண்ட் விட்டா மரத்த சுத்திக்கும். டெக்சாஸ் ரெக்கார்ட் 18.18 பவுண்டு மீனு 1992-ல அந்த ஏரியிலதான் வந்துச்சு, அந்த மாதிரி ஏரிக்கு முறுக்கான கம்பு வேணும். உனக்கு அங்க அது தேவையே இல்ல. நீ நிக்கிற லேக் செயின்ட் கிளேர் வேற சாதி ஏரி. சராசரி ஆழமே 11 அடிதான், கப்பல் போறதுக்காக 27 அடிக்கு தோண்டி வச்சிருக்கற வழிய விட்டா மத்ததெல்லாம் ஆழம் கம்மி. 1988-ல ஸீப்ரா மஸல் சிப்பி அங்க கண்டுபிடிச்சாங்க, அதுங்க தண்ணிய வடிகட்டி வடிகட்டி கண்ணாடி மாதிரி ஆக்கிடுச்சு. தெளிஞ்ச தண்ணி, மெல்லிசு லைன், அதுல ஸ்மால்மவுத் பாஸ். இந்த மூணும் சேந்தா மீடியம் ஸ்பின்னிங்தான், யோசிக்கவே வேணாம்.

ஆனா நீ எப்பவும் ஒன்னோட நிக்கிறவன் இல்லையே. ஜிக்குக்கு ஒன்னு, ஃப்ராகுக்கு ஒன்னு, கிராங்க்பெய்ட்டுக்கு ஒன்னுன்னு ஒவ்வொரு போலி இரைக்கும் தனித்தனியா அடுக்கி வச்சு, எதுக்குடா இத்தனைன்னு கேட்டா எனக்கே கிளாஸ் எடுப்ப. விலையும் நீ கேட்டு நான் பாத்ததில்ல. இப்ப ஒன்னு போதும்னு கேட்டது எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சு. அபார்ட்மென்ட்ல இடம் இல்லையா இருக்கும். சரி.

பவரையும் ஆக்‌ஷனையும் கடைக்காரங்க ஒன்னா சேத்து உளறுவாங்க, நீ குழம்பாத. பவர்னா வளைக்க எவ்வளவு பலம் வேணும்ங்கறது. ஆக்‌ஷன்னா எந்த இடத்துல வளையுதுங்கறது. ஃபாஸ்ட்னா நுனிப் பக்கம் மட்டும் வளையும், கீழ விறைப்பா நிக்கும், அதனால ஒத்த ஹுக் போட்டு கீழ இழுக்கும்போது கடிச்சது கைக்கு சட்டுனு தெரியும், வெட்டி இழுத்தா ஹுக்கும் ஏறும். மாடரேட்னா நடு வரைக்கும் வளையும், அது மூணு முனை இருக்கற ட்ரெபிள் ஹுக் வச்ச கிராங்க்பெய்ட், ஜெர்க்பெய்ட்டுக்கு நல்லது, மீன் குதிக்கும்போது ஹுக் கிழிச்சுட்டு வராது. உன்கிட்ட ஒன்னுதான் இருக்கப் போகுதுன்னா ஃபாஸ்ட் எடு, ஜெர்க்பெய்ட் போடற அன்னிக்கு ட்ராக (ரீல் லைன விடற இறுக்கம்) கொஞ்சம் லூஸ் பண்ணிக்கோ, ஸ்மால்மவுத் எப்படியும் குதிக்கும், குதிக்கறப்ப ராட தாழ்த்திக்கோ. மீடியம் பவர்ங்கறதால ராடே பாதி அதிர்ச்சிய வாங்கிக்கும்.

இன்னொன்னு, மீடியம்னு எழுதியிருக்கறத மட்டும் நம்பி எடுக்காத, கம்பெனிக்கு கம்பெனி அது மாறும். கைப்பிடிக்கு கொஞ்சம் மேல, பிளாங்க்ல, அதான் கம்புல, சின்ன எழுத்துல ரெண்டு கணக்கு போட்டிருக்கும், கண்ணாடி போட்டுக்கிட்டு படி (உனக்கு பவர் ஏறியிருக்கும், செக் பண்ணியா?). லூர், அதான் போலி இரை, வெயிட் 1/4-ல இருந்து 5/8 அவுன்ஸ், லைன் 6-ல இருந்து 12 பவுண்டு, இல்ல 8-ல இருந்து 14, இப்படி இருந்தா நாம சொல்ற மீடியம். 1/8-ல ஆரம்பிச்சு அரை அவுன்ஸ்ல முடிஞ்சா அது பேருக்குத்தான் மீடியம், மீடியம் லைட் பக்கம் போயிடும். முக்கால் அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் வரைக்கும் போனா திரும்ப உன் கராஜ் ராடுங்கதான்.

இந்த கணக்குக்குள்ள உனக்கு அங்க தேவைப்படறது ஏறக்குறைய எல்லாமே வந்துரும். முக்கியமா டியூப், குழாய் மாதிரி இருக்கற ரப்பர் லூர். கோபின்னு ஒரு சின்ன மீன், 1990-ல செயின்ட் கிளேர் ஆத்துல முதல்ல பாத்தாங்க, வெளிநாட்டு கப்பல் தண்ணியில வந்தது, இப்ப ஸ்மால்மவுத்துக்கு அதுதான் சாப்பாடு. தரைய ஒட்டியே கெடக்கும், பழுப்பா இருக்கும். அதனால கிரீன் பம்ப்கின் கலர்ல மூணரை இஞ்ச் டியூப், உள்ள கால் அவுன்ஸோ 3/8-ஓ ஜிக் ஹெட் (கனமான தலை வச்ச ஹுக்), தரையில பட்டும் படாம இழு. ட்ராப் ஷாட், வாக்கி ரிக், 3/8 ஸ்பின்னர்பெய்ட், ஜெர்க்பெய்ட், சின்ன பாப்பர், எல்லாம் இதுலயே போடலாம். நெட் ரிக்ங்கற சின்ன ரப்பர் லூர் ரொம்ப லேசா இருந்தா தூரம் போகாது, அவ்வளவுதான். பாய் மாதிரி மூடிக் கெடக்கற செடி மேல ஃப்ராக் போடறது, கனமான ஜிக்க புதருக்குள்ள எறியறது, இது ரெண்டும் இந்த ராட்ல செய்யாத, ராட் ஒடையாட்டியும் மீன் போயிடும். கரையில நின்னு வீசறவனுக்கு தூரம் வேணும், அதான் ஆறரை அடி வேணாம், 7 அடி எடுன்னு சொல்றேன்.

ஒத்த பீஸா, ரெண்டு பீஸான்னு கேட்டா உன் கார பொறுத்தது. லீஸ் முடியுதுன்னு சொன்ன, புதுசு எடுத்துட்டியா, இல்ல திருப்பிக் குடுத்துட்டியா, அதப் பத்தி அப்புறம் நீ பேசவே இல்ல. பஸ்லயோ ஃப்ரெண்டு கார்லயோ போறன்னா ரெண்டு பீஸே எடு.

2009-ல நம்ம வீட்லயும் ஒரே ஒரு ராட்தான் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா. நீ மூணாங் கிளாஸ். யாரோ கராஜ் சேல்ல போட்டிருந்த மீடியம் ஸ்பின்னிங், கார்க்கெல்லாம் பிஞ்சு போயி. லூயிஸ்வில் ஏரிக் கரையில அத நாம மூணு பேரும் கை மாத்தி கை மாத்தி வீசுனோம், நீ உன் முறை வரலைன்னு அழுவ. அப்பா வாரத்து நடுவுல, பட்டப்பகல்ல, எப்படி நம்ம கூட ஏரிக்கு வந்தாருன்னு நீ அப்ப கேக்கல, இப்ப உனக்கு தெரியும்னு நெனக்கிறேன். காலையில சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு ஹால்ல உக்காந்திருப்பாரு, போக இடம் இருக்காது. நான் ஊருக்கு போன் பண்ணும்போதெல்லாம் எல்லாம் நல்லா இருக்கு, அவரு ஆபீஸ் போயிருக்காருன்னே சொன்னேன், அம்மாச்சி ஒரு நாள் "அவர்கிட்ட எனக்கு பேசணும் போல இருக்கு, குடு"ன்னாங்க, அவங்களுக்கு என் குரல்லயே தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் அவங்க ஒரு கேள்வி கேக்கல, வாரா வாரம் போன் மட்டும் பண்ணுவாங்க. அந்த வருஷத்துலதான் நான் மீன் பிடிக்கவே கத்துக்கிட்டேன், அப்பாவ வெளிய கூட்டிட்டு போக ஒரு சாக்கு வேணும்னு. அடுத்த வருஷம் அவருக்கு வேலை கெடச்சுது, இந்த வீடும் அதுக்கப்புறம் வாங்குனதுதான்.

ராட் விஷயத்துக்கே வர்றேன். 1932-ல ஜார்ஜியாவுல ஜார்ஜ் பெர்ரின்னு ஒரு பண்ணைக்கார பையன், ஊரே வேலையில்லாம கெடந்த காலம், அவனும் அவன் கூட்டாளியும் ஒரே ராட, ஒரே லூர மாத்தி மாத்தி வீசிட்டு இருந்தாங்கன்னுதான் சொல்லுவாங்க. அதுல 22 பவுண்டு 4 அவுன்ஸ் லார்ஜ்மவுத் பாஸ் வந்துச்சு, எடை போட்டு எழுதிக்கிட்டு வீட்டுக்கு கொண்டு போயி சமைச்சு சாப்பிட்டாங்க. அந்த ரெக்கார்ட 2009-ல ஜப்பான்ல பீவா ஏரியில ஒருத்தரு சமன் பண்ணாரு, அவ்வளவுதான், இன்னும் ஒருத்தரும் தெளிவா தாண்டல. ஒரு ராட்ங்கறது கொறச்சல் இல்ல தம்பி. ஒன்னா இருந்தாலும் சரியானதா இருக்கணும்.

கடையில கையில எடுத்துப் பாக்காம வாங்காத. 2500 ரீல் ஒன்ன மாட்டித் தர சொல்லு, ரீலுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு வெரல வச்சு தாங்கிப் பாரு, நுனி கீழ சாஞ்சுகிட்டே போச்சுன்னா அரை நாள்ல மணிக்கட்டு வலிக்கும். அடியில இருந்து ஒரு கண்ண மூடிக்கிட்டு நுனி வரைக்கும் பாரு, வளையமெல்லாம் ஒரே கோட்டுல நிக்குதான்னு. கொஞ்சம் பஞ்சு எடுத்துட்டு போ, ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் விட்டு சுத்து, எங்கயாச்சும் பஞ்சு நூலா மாட்டுச்சுன்னா அங்க கீறல் இருக்குன்னு அர்த்தம், அது உன் லைன அறுத்துரும். பழசு வாங்குனா இத கண்டிப்பா செய். பட்ஜெட்னா அக்லி ஸ்டிக் எடு, 1976-ல இருந்து வர்றது, கண்ணாடி நாரும் கிராஃபைட்டும் கலந்தது, கொஞ்சம் கனம், கடி அவ்வளவு கூர்மையா தெரியாது, ஆனா சீக்கிரத்துல ஒடையாது. முழு கிராஃபைட் லேசா இருக்கும், டியூப் கல்லு மேல ஏறி எறங்கறது கூட கையில தெரியும், ஆனா கார் கதவுல ஒரு தட்டு தட்டுனா பின்னாடி ஒரு நாள் சொல்லாம கொள்ளாம ஒடையும். எனக்கு கேட்டா உனக்கு கிராஃபைட்டுதான் வேணும். காசு நான் போடறேன், உன் பொறந்தநாளுக்கு ஒன்னும் வாங்கித் தரல, நீதான் வரவே இல்லையே, தீபாவளிக்கும் வரல. வேணாம்னு சொல்லாத, அனுப்பிட்டேன், பேங்க்ல பாரு. ராடுக்கு போக மிச்சம் இருந்தா வேற எதுக்காச்சும் வச்சுக்கோ, எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன்.

லைனுக்கு 10 பவுண்டு பிரெய்டு (பின்னுன லைன்), முன்னாடி 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன், ரெண்டையும் டபுள் யூனி முடிச்சு போட்டு கட்டு, இறுக்கறதுக்கு முன்னாடி எச்சி தொட்டுக்கோ, நீ எப்பவும் மறந்துட்டு காஞ்ச முடிச்ச இழுப்ப. லைசென்ஸ் எடுத்துட்டியா? மிச்சிகன்ல மார்ச் 1-ல இருந்து புது வருஷக் கணக்கு, போன வருஷத்துது மார்ச் 31 வரைக்கும்தான் செல்லும். செயின்ட் கிளேர்ல ஜூன் மூணாவது சனிக்கிழமைக்கு முன்னாடி பாஸ பிடிச்சா விட்டுரணும், வீட்டுக்கு கொண்டு போகக் கூடாது, தெரியாம ஃபைன் கட்டிட்டு நிக்காத.

இங்க பெருசா ஒன்னும் இல்ல. ரோஜா பூத்திருக்கு. கோயில்ல பாக்கறவங்க எல்லாம் உன்ன விசாரிக்கறாங்க, டெட்ராய்ட்ல கார் டிசைன் பண்றான்னு சொல்லி சொல்லி நானே பழகிட்டேன், அதுல எனக்கு பெருமைதான், ஆனா தம்பி, மெட்ரோபார்க்ல நின்னு தூண்டில் போடறான்னு சொல்றதுலயும் எனக்கு அதே பெருமைதான். சாப்பாடு ஒழுங்கா சாப்பிடு. முகம் ஒடுங்கியிருக்கு போட்டோல. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் எல்லாம் பார்சல் போடறேன். அட்ரஸ் அதேதானே? மாறியிருந்தா சொல்லு.

செவ்வாய்க்கிழமைன்னு நான் அப்பாகிட்ட சொல்லல, போட்டோவ மட்டும் காட்டுனேன், ராட பாத்துட்டு "இது பஞ்சுமிட்டாய் குச்சி"ன்னாரு, வேற ஒன்னும் கவனிக்கல.

7 அடி, மீடியம், ஃபாஸ்ட். சனிக்கிழமை காலையில அப்பா கோயில் கமிட்டி மீட்டிங்குக்கு 9 மணிக்கு கெளம்பிடுவாரு, வர மதியம் ஆகும். அப்ப உனக்கு 10 மணி. கடையில இருந்தா அங்கேருந்தே வீடியோ கால் போடு, கைப்பிடிக்கு மேல இருக்கற எழுத்த காட்டு, நான் படிச்சு சொல்றேன். கடைக்கு போகலைன்னாலும் போடு.

அம்மா