நினைவுக்கல் பணியும் பிறவும்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், முன்னாள் படைவீரர் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டிசம்பர் 7 கொடிநாள் வசூல், ஓய்வூதிய விண்ணப்பங்களுக்கான உதவி ஆகிய வழக்கமான பணிகள் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைக்கிறார். தமிழ்நாட்டைச் சேர்ந்த வீர விருதாளர்களுக்கு நம் ஊர்ப் பூங்காவில் நினைவுக்கல் நிறுத்தச் சென்ற பொதுக்குழு தீர்மானித்தது அல்லவா? ஆண்டின் பெரும்பகுதி, அந்தக் கல்லில் யார் பெயரை, எந்த வரிசையில் பொறிப்பது என்ற பேச்சிலேயே கழிந்தது என்பதை மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

'தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்' என்பதற்கு என்ன அளவுகோல் என்ற கேள்வியே முதலில் எழுந்தது. பிறந்த ஊரை மட்டும் பார்த்தால் பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பட்டியலில் வரமாட்டார். அவர் 1946-இல் பம்பாயில் பிறந்த தமிழர். அசோக சக்ரா பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜன் பிறந்ததும் கோழிக்கோட்டில்தான். பிறப்பு, குடும்பத்தின் வேர், வாழ்ந்த ஊர் ஆகிய மூன்றில் ஒன்று பொருந்தினாலும் போதும் என்று செயற்குழு முடிவு செய்தது. சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தின் அணிவகுப்புத் திடலே பரமேஸ்வரன் பெயரைத் தாங்கி நிற்கும்போது, நம் கல்லில் அவருக்கு இடமில்லை என்று சொல்ல எவருக்கும் நா எழவில்லை.

ஆயினும் அவர் பெயர் குறித்து மூத்த உறுப்பினர் ஒருவர் வேறொரு தயக்கத்தைத் தெரிவித்தார். தேடுதல் பணி முடிந்து திரும்பும் வழியில் தம் அணி தாக்கப்பட்டபோது, தாக்கியவர்களைப் பின்புறமாக வளைத்து மோதி, மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரையே வீழ்த்தி, இறுதிவரை கட்டளையிட்டபடி 1987 நவம்பர் 25 அன்று பரமேஸ்வரன் உயிர்விட்டது, இந்திய அமைதிப்படை விடுதலைப் புலிகளுடன் போரிட்ட யாழ்ப்பாணத்தில். தமிழர் மண்ணில் நடந்த அந்தப் போரின் வடு நம் ஊரிலும் பலர் மனத்தில் ஆறவில்லை என்றார் அவர். அக்கருத்தை எவரும் எளிதாக ஒதுக்கவில்லை. இரண்டு கூட்டங்கள் பேசிய பின், பெயரைப் பொறிப்பது, 'இலங்கை, 1987' என்று மட்டும் குறிப்பது, அடைமொழி எதுவும் சேர்க்காதிருப்பது என முடிவாயிற்று. தயக்கம் தெரிவித்த உறுப்பினரே அதை முன்மொழிந்தார்.

அடுத்தது வரிசைச் சிக்கல். விருதுகளின் தரவரிசைப்படி பரம்வீர் சக்ரா, அசோக சக்ரா, வீர் சக்ரா என்று பொறிப்பதே முறை என்று பலர் வாதிட்டனர். அப்படியானால் காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தின் சுபேதார் சுப்பிரமணியனை எங்கே வைப்பது? மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையைச் சேர்ந்த அவர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து உடனிருந்தோரைக் காத்து மாண்டார். அதற்காக அளிக்கப்பட்ட ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் விருது, இன்றைய நம் தரவரிசையில் இடம்பெறாதது. பதக்கத்தைக் கொண்டு உயிரை எடைபோடும் வேலை நமக்கெதற்கு என்பது என் எண்ணமாக இருந்தது. இறுதியில் ஆண்டு வரிசையே ஏற்கப்பட்டது.

அதன்படி சுப்பிரமணியன் (1944), பரமேஸ்வரன் (1987) ஆகியோரை அடுத்து, கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் 1999 மே 29 அன்று வீழ்ந்து, ஒரு மாதத்துக்கும் மேல் உடல் மீட்கப்படாமல் பனிமலையிலேயே கிடந்த, பீகார் படைப்பிரிவின் மேஜர் மாரியப்பன் சரவணன் வருகிறார். அவருக்குப் பின் 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸின் முகுந்த் வரதராஜன் (சோபியான், 2014), இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரின் ஹவில்தார் பழனி (கல்வான், 2020) ஆகியோர் பெயர்கள் அமையும். சரவணன், பழனி இருவரும் வீர் சக்ரா பெற்றவர்கள். அடுத்தடுத்துப் பெயர்கள் சேர்வதற்காகக் கல்லின் கீழ்ப்பாதி வெறுமையாக விடப்படும்.

கல்லின் அமைப்பை முடிவு செய்யுமுன் குழுவினர் திருச்சியில் உள்ள மேஜர் சரவணன் நினைவிடத்தையும், சென்னைக் கடற்கரைச் சாலையின் வடமுனையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தையும் பார்த்து வந்தனர். முதல் உலகப் போரின் வெற்றியைக் குறிக்க எழுந்த சென்னைச் சின்னத்தில் பிற்காலப் போர்களும் சேர்க்கப்பட்டிருப்பதைக் கண்ட பிறகே வெற்றிடம் விடும் யோசனை தோன்றியது. உலோக எழுத்துகளை ஒட்டுவதைக் கைவிட்டு, கருங்கல்லில் எழுத்தை வெட்டி வெள்ளை பூசுவது என்றும் தீர்மானித்தோம்.

ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். மாதிரிப் பலகையில் பழனியின் பீரங்கிப் படைப்பிரிவான '81 பீல்டு ரெஜிமென்ட்' என்பதில் எண் '18' என்று வெட்டப்பட்டு வந்தது. கல்தச்சரைக் கடிந்துகொண்ட பிறகுதான், நான் தட்டச்சு செய்து கொடுத்த தாளிலேயே எண் மாறியிருந்தது தெரிந்தது. அவரிடம் வருத்தம் தெரிவித்துவிட்டேன். அந்தப் பலகைக்கான செலவை நானே ஏற்கிறேன்.

பூங்காவில் இடம் ஒதுக்கும் கோப்பு இன்னும் கையெழுத்தாகவில்லை. திருத்திய வாசகம் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. உறுப்பினர்கள் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, இம்மாத இறுதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்குமாறும், அதன் பிறகே கல்வெட்ட ஒப்புதல் அளிக்குமாறும் பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்